இன்று சமைத்ததுதானே?

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடிக்க வேண்டிய நேரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை என் நெறியாளர் பார்த்தால் பொறுத்துக்கொள்வாராக. முதியவர்கள் உண்ணும் சோறு, அதில் எஞ்சுவது, எஞ்சியதை மீண்டும் சூடாக்கி உண்பது ஆகியவை குறித்த பதிவு இது. மொழியியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தச் சிக்கலின் பாதி சமையலறையிலும் மறுபாதி சொற்களிலும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தில்லியில் சித்தரஞ்சன் பார்க் பகுதியில் ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கியிருக்கிறேன். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக 1960களில் உருவான குடியிருப்பு இது. கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர் தனியாக வாழ்கிறார். வயது 79. நான் அவரை மாஷிமா என்று அழைப்பேன். அவர் என்னை 'மா' என்பார். இருவரும் பாதி இந்தியிலும் பாதி வங்காளத்திலும் பேசிக்கொள்வோம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். காலை எட்டரை மணிக்குச் சமையல் செய்யும் அக்கா வருவார்; ஒன்பதரைக்குள் சோறு, பருப்பு, ஒரு காய், சில நாள்களில் மீன் குழம்பு என எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மாஷிமா பகல் ஒரு மணிக்குப் பாதியை உண்பார். மறுபாதி சமையல் மேடையிலேயே தட்டால் மூடப்பட்டிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வாணலியில் சூடாக்கி உண்பார்.

கடந்த ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் நள்ளிரவு அவரிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. இறங்கி ஓடியபோது குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். நிற்காத வாந்தி. எழுந்து நிற்க முயன்றால் தலைசுற்றல். மருத்துவமனையில் இரண்டு நாள்கள் நரம்பு வழியே திரவம் ஏற்றினார்கள். இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்ளும் மாத்திரை சிறுநீரை மிகுவிக்கும் வகையைச் சேர்ந்தது. அதனால் நீரிழப்பு விரைவாக முற்றியது என்றார் மருத்துவர். உணவுதான் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். எந்தக் கிருமி என்று யாரும் சோதிக்கவில்லை. ஆகவே அன்றைய சோற்றின்மீது நான் தீர்ப்பு எழுதப்போவதில்லை. என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. வீடு திரும்பிய பின், "மாஷிமா, இனிப் பழைய சோற்றைச் சாப்பிடாதீர்கள்" என்று நான் சொன்னபோது அவர் உண்மையான வியப்போடு கேட்டார்: "நான் எப்போது பாஷி சோறு சாப்பிட்டேன்? அன்று காலையில் சமைத்ததுதானே?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மொழியில் அது 'பாஷி' அன்று. வங்காளத்தில் இந்தச் சொல் இரவு கடந்துபோனதைக் குறிக்கும். இரவு உடுத்தியிருந்த துணி பாஷித் துணி. காலையில் எழுந்து கழுவாத முகம் பாஷி முகம். திருமணத்துக்கு மறுநாள் நடக்கும் சடங்குகள் பாஷித் திருமணம். நாற்றமோ கெடுதலோ இச்சொல்லின் அடிப்படைப் பொருளில் இல்லை. ஓர் இரவு கடந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வடமொழியின் 'பர்யுஷித' என்ற சொல்லும் தங்குதல் என்னும் வேரிலிருந்து வந்து, இரவு தங்கிய உணவையே குறிக்கிறது. தமிழில் நாம் சொல்லும் 'பழையது' என்பதும் பெரும்பாலும் அப்படித்தான். காலையில் வடித்த சோற்றை அன்றிரவே யாரும் பழையது என்று சொல்வதில்லை.

ஆனால் நுண்ணுயிர்களுக்கு இரவு பகல் கணக்கு இல்லை. அவற்றின் கணக்கு மணி நேரமும் வெப்பநிலையும்தான். உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐந்து வழிமுறைகளில் ஒன்று, சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை பெருகும். சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்கிறது அமெரிக்க வேளாண் துறை. தில்லியின் ஆகஸ்டு மாதச் சமையலறை அந்த 32 டிகிரியைத் தாண்டியே இருக்கும். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை பதினொன்றரை மணி நேரம். எந்த மொழியிலும் 'பழையது' ஆகாத அந்தச் சோறு, பாதுகாப்பு எல்லையைப் பகல் உணவுக்கு முன்பே கடந்துவிட்டிருந்தது.

இரண்டாவது சொல், மிச்சம். எஞ்சு என்பதிலிருந்து எச்சமும் எச்சிலும், மிஞ்சு என்பதிலிருந்து மிச்சமும் பிறந்தன என்பது நமக்குத் தெரியும். மிஞ்சியது மிச்சம், அதாவது உண்ண வேண்டியவர்கள் உண்டு முடித்த பின் இருப்பது. உணவுப் பாதுகாப்பு அறிவுரைகளைத் தமிழில் பெயர்ப்பவர்கள் 'மீதமுள்ள உணவு' என்று எழுதுகிறார்கள். வங்காளத்திலும் இந்தியிலும் இதே வகைத் தொடர்கள்தாம். ஆனால் இரவுக்கென்றே காலையில் சமைத்து வைத்த உணவு யாருக்கும் மிச்சம் அன்று. அது இன்னும் உண்ணப்படாத வேளைச் சோறு. 'மீதமுள்ள உணவைக் கவனமாகக் கையாளவும்' என்ற வரியை மாஷிமா படித்திருந்தாலும், அது தமக்குச் சொல்லப்பட்டதாக எண்ணியிருக்க மாட்டார். ஒரே வேளையில் ஒருவர் வந்து மூன்று வேளைக்கும் சமைத்துவிட்டுப் போவது இன்று நம் நகரங்களில் தனித்து வாழும் முதியவர்களிடையே பரவலான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் உருவாகும் உணவுக்கு நம் அறிவுரைகளில் பெயரே இல்லை.

மூன்றாவது, நாம் உணவைச் சோதிக்கும் முறை. உணவு கெடுவதைச் சொல்லத் தமிழில் வளமான சொற்கள் உண்டு. குழம்பு ஊசிப்போகும். சோறு நூல்விடும். மாவு புளித்துப் பொங்கும். பருப்பு நுரைக்கும். ரொட்டியில் பூசணம் பூக்கும். இவையெல்லாம் மூக்கும் கண்ணும் விரலும் அறியும் மாற்றங்களின் பெயர்கள். பல தலைமுறைகளின் கவனிப்பில் உருவான சொல்தொகுதி இது. இதை நான் மதிக்கிறேன். ஆனால் இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. நோய் தரும் பல கிருமிகள் உணவின் மணத்தையும் சுவையையும் மாற்றுவதில்லை. ஊசாத, நூல்விடாத, நுரைக்காத சோறும் நோய் தரலாம். அந்த நிலைக்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் ஐயமும் எளிதில் எழுவதில்லை.

முதியவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. வயது ஏற ஏற மோப்பத் திறன் குறைகிறது. 1984இல் சயன்ஸ் இதழில் ரிச்சர்ட் டோட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, 65 முதல் 80 வயதுக்குட்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கும், 80ஐக் கடந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கும் பெருமளவு மோப்பக் குறைபாடு இருப்பதைக் காட்டியது. இழப்பு மெல்ல மெல்ல நேர்வதால் பலர் அதை உணர்வதுமில்லை. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்று 79 வயதில் ஒருவர் சொல்வது நேர்மையான சாட்சியம். ஆனால் நம்பத்தக்க சோதனை அன்று. இதனுடன் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண் அந்த அமிலம்தான். நம் வீட்டு முதியவர்கள் எத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையை விழுங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதுமையில் தாக உணர்வும் மங்குகிறது. இளைஞர் ஒருவர் ஒரு நாள் படுத்து எழும் வாந்தி, முதியவரைக் குளியலறையில் விழவைத்து இடுப்பெலும்பை முறிக்கலாம்.

நான்காவது, சூடாக்குதல் மீதுள்ள நம்பிக்கை. "கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடும்" என்பதை நான் என் பாட்டியிடமும் கேட்டிருக்கிறேன், மாஷிமாவிடமும் கேட்டேன். நெருப்பு எதையும் தூய்மையாக்கும் என்ற எண்ணம் நம் பண்பாட்டில் ஆழமானது. பாதி உண்மையும்கூட. உணவின் எல்லாப் பகுதியும் 70 டிகிரியைத் தாண்டும்படி சூடாக்கினால் பெரும்பாலான கிருமிகள் அழியும். பெரிய பாத்திரத்தில் ஆறவிட்ட இறைச்சிக் குழம்பில் பெருகும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் போன்றவற்றுக்கு நன்கு கொதிக்கவைப்பது உண்மையிலேயே பயன் தரும். சோற்றின் கதை வேறு. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர், ஸ்போர் என்னும் உறங்குநிலையில் சமையலின் கொதிப்பையும் தாங்கிக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக மேடையில் இருக்கும்போது விழித்துப் பெருகும். அப்போது அதன் சில வகைகள் செரியுலைடு என்ற நச்சை உருவாக்கும். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாது. அதாவது பிரஷர் குக்கரில் வைத்து மீண்டும் வேகவைத்தாலும் பயனில்லை. கைகளிலிருந்து உணவுக்குச் செல்லும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உண்டாக்கும் நச்சும் கொதிநீருக்கு அழியாது. கிருமியைக் கொல்லலாம், அது விட்டுச்சென்ற நச்சை அடுப்பில் அழிக்க முடியாது. ஆகவே பாதுகாப்பு என்பது இரவு ஒன்பது மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போது தொடங்குவதில்லை. காலை ஒன்பதரைக்கு அடுப்பை அணைத்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் வரும். முதலாவது, "நம் பழைய சோறும் வங்காளத்தின் பாந்தா பாத்தும் ஒடிசாவின் பகாளமும் காலங்காலமாக இருக்கின்றனவே." இருக்கின்றன, அவை வேறு செயல்முறை. சோற்றில் நீரூற்றிப் புளிக்க விடும்போது லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. அந்தப் புளிப்பு பிற கிருமிகளை அடக்குகிறது. தெரிந்து செய்யும் நொதித்தல் அது. மேடையில் மறந்துபோய் விடப்பட்ட, நீரூற்றாத, புளிக்காத சோற்றுக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. நொதித்தலிலும் புளிப்பு ஏறும்வரையான மணி நேரங்களுக்கு உறுதிமொழி இல்லை. நலிந்த உடலுள்ளோர் அதிலும் கவனமாக இருப்பது நல்லது. இரண்டாவது, "நாங்கள் வாழ்நாள் முழுவதும் இப்படித்தானே சாப்பிட்டோம்." உண்மை. ஆனால் ஐம்பது வயது வரை சாப்பிட்ட உடல் அன்று இது. அன்று வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள். காலைச் சோறு பகலிலேயே தீர்ந்தது. மாறியது சோறு அன்று. உண்பவரின் வயதும் உடன் உண்பவர்களின் எண்ணிக்கையுமே மாறின.

இனி, நம் அறிவுரைகளில் எளிதாக வரும் 'எறிந்துவிடுங்கள்' என்ற ஏவல் வினையைப் பற்றி. மாஷிமாவிடம் நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் சொன்ன மறுமொழி, "பாத் ஃபேல்தே நேய்." சோற்றை எறியலாகாது. வங்காளத்தில் இந்தத் தொடரமைப்பில் விலக்குபவர் யார் என்பது இருக்காது. நான் சொல்கிறேன் என்றோ நீ செய்யாதே என்றோ அது சொல்வதில்லை. உலக வழக்கில் அப்படி ஒன்று இல்லை என்று மட்டும் சொல்கிறது. தனி ஒருவரின் விருப்பமாக இருந்தால் வாதிடலாம். இதனோடு எப்படி வாதிடுவது? அவருடைய தாய் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைக் கண்டவர். 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பஞ்சம் அது. வடித்த கஞ்சிக்காக வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றித் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம், இரண்டு கரண்டிச் சோற்றைக் குப்பையில் போடச் சொல்வதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை என்று அன்று உணர்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய வீடுகளில் எஞ்சிய உணவு யாரிடம் போய்ச் சேர்கிறது? பெரும்பாலும் வீட்டின் பெண்களிடம்; அவர்களிலும் மூத்த பெண்ணிடம். பிள்ளைகளுக்குச் சூடான சோறு, கணவருக்குப் புதுக் குழம்பு, தமக்கு நேற்றையது. ஐம்பது ஆண்டுகள் இப்படி உண்ட ஒருவருக்குத் தனிமையில் வாழும்போதும் புதிதாகச் சமைத்து உண்பது ஆடம்பரமாகத் தோன்றுகிறது. "எனக்கு ஒருத்திக்காகவா?" என்ற கேள்வி சிக்கனத்தில் மட்டும் பிறப்பதில்லை. ஆகவே முதியவர்களின் அறியாமையைப் பற்றிப் பேசுவதை முதலில் நிறுத்துவோம். அவர்கள் உண்ணும் ஏற்பாட்டை அமைத்தவர்கள் யார், அதை மாற்றும் வசதி யாரிடம் இருக்கிறது என்று கேட்போம். என் கருத்தில் அந்தப் பொறுப்பு தொலைவில் இருந்து ஏற்பாடு செய்யும் பிள்ளைகளுக்கும், என்னைப் போல் அருகில் இருப்பவர்களுக்கும், அறிவுரைகளை எழுதுபவர்களுக்கும் உரியது.

நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை. இரவுக்கான பங்கை உண்ட பின் எடுத்துவைப்பதற்குப் பதிலாக, சமைத்து முடித்ததும் முதலிலேயே எடுத்துவைப்பது என்று முடிவு செய்தோம். சமையல் அக்கா சோற்றை அகலமான தட்டில் பரப்பி, பருப்பைக் கிண்ணத்தோடு தண்ணீரில் வைத்து ஆற்றி, ஆழமில்லாத சிறு எவர்சில்வர் டப்பாக்களில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறார். கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகிறது. அதற்கு உரிய ஊதியத்தைப் பிள்ளைகள் தருகிறார்கள். நன்றிக்கடனாகச் செய்யச் சொல்வது நியாயமில்லை. சூடு முழுவதும் அடங்கும்வரை மேடையில் காத்திருக்கத் தேவையில்லை. ஆவி அடங்கினால் போதும். பெட்டியின் உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு சிறு வெப்பமானி வைத்துப் பார்த்தோம், இல்லை. திருகியைச் சரிசெய்தோம். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம்வரை குளிர் தாங்கும்.

இரவில் உண்ணும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் உள்ளே வைக்கக் கூடாது. பருப்பும் குழம்பும் கிளறக் கிளறக் கொதிக்க வேண்டும். சோற்றின் நடுவிலிருந்தும் ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு ஓரிடத்தைச் சுட்டு ஓரிடத்தைக் குளிராகவே விட்டுவிடும். ஆகவே மூடி வைத்து, நடுவில் ஒருமுறை கிளறி, எடுத்த பின் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். சோற்றை 24 மணி நேரத்துக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம் என்பது பிரிட்டனின் உணவுத் தர முகமையின் அறிவுரை. குளிரிலும் மெல்ல வளரும் லிஸ்டீரியா போன்ற கிருமிகளும் உண்டு என்பதால், முதியவர்களுக்குப் பிற உணவுகளிலும் 'மறுநாளைக்குள்' என்று வைத்துக்கொள்வது எளிது. டப்பாவில் தேதி ஒட்டும் யோசனை தோற்றது. மாஷிமாவுக்குச் சிறிய எழுத்து தெரிவதில்லை. மேல்தட்டில் இருப்பது இன்றையது என்ற ஒரே விதி நிலைத்தது. குனிய வேண்டிய கீழ்த்தட்டை அவர் பயன்படுத்துவதில்லை என்பதும், இறுக்கமான மூடியை வாதம் பிடித்த விரல்களால் திறக்க முடியாததால்தான் முன்பு எல்லாம் மேடையிலேயே இருந்தன என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. இதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லியிருக்காது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

மொழி படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நலவாழ்வுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால் 'மீதமுள்ள உணவு', 'முறையாக மீண்டும் சூடாக்கவும்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். கேட்பவரின் வீட்டில் அந்த உணவுக்கு என்ன பெயர் என்று விசாரியுங்கள். 'காலையில் சமைத்து இரவுக்கு வைத்த சோறு' என்று நேராக எழுதுங்கள். முகர்ந்து பார்ப்பதை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எறியச் சொல்வதற்கு முன், எறிய வேண்டிய தேவை வராதபடி எவ்வளவு சமைப்பது என்று சொல்லுங்கள்.

இந்த வீட்டில் கடைசியாக மாறியது சோற்றுப் பானை. ஐந்து பேர் இருந்த காலத்துப் பானையிலேயே இதுவரை சமைத்துவந்தார்கள். அதில் ஒருவருக்கான அரிசி அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எப்போதும் இரண்டு பங்கு போடுவார்கள். சிறிய பானை வாங்கலாம் என்று நான் சொன்னபோது மாஷிமா சில நாள்கள் பிடிகொடுக்கவில்லை. "யாராவது வந்தால்?" என்றார். யாரும் அதிகம் வருவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று இரவுகள் நான் கீழே வந்து அவரோடு சாப்பிடுவது என்று பேசி முடித்தோம். இப்போது வாங்கியிருப்பது இரண்டு பேருக்கான பானை. சோறு மிஞ்சுவது அரிது.

உங்கள் வீடுகளில் தனியாக உண்ணும் பெரியவர்கள் இருந்தால், அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டீர்களா?" என்பதோடு "எப்போது சமைத்தது?" என்றும் கேளுங்கள். மாற்றுக் கருத்துகளையும், உங்கள் வட்டாரத்தில் இவ்வகை உணவுக்கு வழங்கும் சொற்களையும் கீழே எழுதினால் மகிழ்வேன்.